நீளமான ஆங்கில வாக்கியத்தில் எழுவாயையும் வினையையும் எப்படிப் பிரித்தெடுப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். சின்ன வாக்கியம் என்றால் சப்ஜெக்ட் எது, வெர்ப் எது என்று சொல்லிவிட முடிகிறது. காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் வாக்கியம், அதாவது தனித்து நிற்கும் பகுதிகள் இரண்டோ அதற்கு மேலோ, சார்ந்து நிற்கும் பகுதி ஒன்றாவது கொண்ட வாக்கியம், வந்தால் எல்லாம் கலங்கிவிடுகிறது. உதாரணத்துக்கு இரண்டு வாக்கியங்கள் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்று: "ஆல்தோ த டாக்டர் ஹூ ட்ரீட்டட் மை மதர் வாஸ் டயர்ட், ஹி எக்ஸ்ப்ளெயின்ட் எவ்ரிதிங், அண்ட் வீ ஃபெல்ட் பெட்டர்." இதில் 'டாக்டர்' எழுவாய், 'ட்ரீட்டட்' அதன் வினை என்று எழுதினீர்கள், பிறகு 'வாஸ்' யாருடையது என்று தெரியாமல் நின்றுவிட்டீர்கள். இரண்டாவது: "த ஹவுஸ் மை அங்கிள் பாட் இஸ் ஸ்மால், பட் ஹி திங்க்ஸ் இட் இஸ் எனஃப்." இதில் 'பட்' மட்டும்தானே இருக்கிறது, சபார்டினேட் க்ளாஸ் (இன்னொன்றைச் சார்ந்து நிற்கும் பகுதி) எங்கே என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு எழுவாய் என்றால் என்ன, வினை என்றால் என்ன என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு க்ளாஸ், அதாவது தனக்கென எழுவாயும் வினையும் கொண்ட பகுதி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் பிடிபடவில்லை. இருபது வருடமாக ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய திறமைக் குறைவு இல்லை. நம் மொழி வாக்கியத்தைக் கட்டும் விதம் வேறு, ஆங்கிலம் கட்டும் விதம் வேறு. அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு மேலே போங்கள்.

எழுவாயை முதலில் தேடாதீர்கள். பள்ளியில் 'யார், எது என்று கேள், எழுவாய் கிடைக்கும்' என்று சொல்லித் தந்திருப்பார்கள். ஒரே ஒரு வினை உள்ள வாக்கியத்துக்கு அது போதும். நான்கு வினை இருக்கும் வாக்கியத்தில் எந்த வினையை வைத்துக் கேட்பது? அதனால் முதலில் வினை. அதிலும் எல்லா வினையும் அல்ல, வினைமுற்று மட்டும். ஆங்கிலத்தில் ஃபைனைட் வெர்ப் என்பார்கள். ஒரு வாக்கியத்தில் எத்தனை ஃபைனைட் வெர்ப் இருக்கிறதோ அத்தனை க்ளாஸ் என்று பள்ளி இலக்கணம் எண்ணுகிறது. உங்கள் முதல் வாக்கியத்தில் ட்ரீட்டட், வாஸ், எக்ஸ்ப்ளெயின்ட், ஃபெல்ட் என்று நான்கு. ஆகவே நான்கு க்ளாஸ், நான்கு எழுவாய். இந்த எண்ணிக்கையை எழுதி வைத்துக்கொண்டு தொடங்கினால் எந்த வினையும் அனாதையாக நிற்காது.

வினைமுற்றை எப்படி அடையாளம் காண்பது? காலத்தை மாற்றிப் பாருங்கள். "ஷி வாண்ட்ஸ் டு லேர்ன் டிரைவிங்" என்பதை நேற்றைய கதையாகச் சொன்னால் "ஷி வாண்டட் டு லேர்ன் டிரைவிங்" என்று ஆகும். 'வாண்ட்ஸ்' மட்டும்தான் மாறியது. 'டு லேர்ன்', 'டிரைவிங்' இரண்டும் அசையவில்லை. மாறியது முற்று, மாறாதது முற்று இல்லை. "த பாய் ஸிட்டிங் தேர் இஸ் மை ப்ரதர்" என்பதில் 'இஸ்' மட்டும் 'வாஸ்' ஆகும். 'ஸிட்டிங்' அப்படியே இருக்கும். 'கேன்', 'வில்', 'ஷுட்' போன்றவை வந்தால் அந்தத் துணைவினைதான் முற்றின் தலை; பின்னால் வரும் 'கோ', 'கம்' எல்லாம் அதோடு சேர்ந்து ஒரே வினையாகக் கணக்கு. 'மஸ்ட்', 'ஷுட்' போன்ற சில காலத்துக்கு மாறாமல் அடம்பிடிக்கும். அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்'. "அவர் என் அண்ணன்" என்று தமிழில் சொன்னால் அது முழு வாக்கியம். வினையே இல்லை, பெயரே பயனிலையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'இஸ்' இல்லாமல் நடக்காது. நமக்கு அது வினையாகவே தோன்றாததால் எண்ணும்போது விட்டுவிடுகிறோம். நீங்கள் 'வாஸ்' என்பதை விட்டதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். பென்சிலை எடுத்து முதலில் இந்தக் குட்டி வினைகளைச் சுழித்துவிடுங்கள், மற்றவை பிறகு.

சரி, வினைகள் கிடைத்துவிட்டன. அடுத்து இணைப்புச் சொற்களை எண்ணுங்கள். நான்கு க்ளாஸைக் கோக்க மூன்று முடிச்சு வேண்டும். அதாவது வினைமுற்றின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. உங்கள் முதல் வாக்கியத்தில் ஆல்தோ, ஹூ, அண்ட் என்று சரியாக மூன்று. 'ரைஸ் அண்ட் தால்' என்று இரண்டு பெயர்களைச் சேர்க்கும் 'அண்ட்' இந்தக் கணக்கில் வராது. செமிகோலன் வந்தால் அதையும் ஒரு முடிச்சாக எண்ணலாம். கணக்கு உதைத்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: முற்று அல்லாத ஒன்றை முற்று என்று எண்ணியிருப்பீர்கள், அல்லது ஒரு இணைப்புச் சொல் மறைந்திருக்கிறது. உங்கள் இரண்டாவது வாக்கியத்தில் நடந்தது மறைவுதான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: எங்கே வெட்டுவது? கணக்கில் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி போடுவோமே, அதே மாதிரிதான். 'அண்ட்', 'பட்' போன்றவை சமமான பகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கோக்கும்; மற்ற ஒவ்வொரு இணைப்புச் சொல்லும் ஒரு புதிய அடைப்பைத் திறக்கிறது. திறந்த அடைப்புக்கு ஒரு எழுவாயும் ஒரு வினைமுற்றும் தேவை. அவை கிடைத்த பிறகு, புது இணைப்புச் சொல் எதுவும் இல்லாமல் இன்னொரு வினைமுற்று வந்தால், உள் அடைப்பு அதற்கு முன்பே மூடிவிட்டது என்று அர்த்தம். வந்த வினை வெளி அடைப்பில் காத்துக்கொண்டிருக்கும் எழுவாய்க்குச் சொந்தம். செய்து பார்க்கலாம். 'ஆல்தோ' ஒரு அடைப்பைத் திறந்தது, 'த டாக்டர்' எழுவாயாக உட்கார்ந்து வினைக்காகக் காத்திருக்கிறது. வினை வருவதற்குள் 'ஹூ' வந்து இன்னொரு அடைப்பைத் திறக்கிறது. அதற்குள் 'ஹூ' என்பதே எழுவாய், 'ட்ரீட்டட்' வினை, 'மை மதர்' செயப்படுபொருள். அடுத்து 'வாஸ்' வருகிறது, அதற்கு முன்னால் இணைப்புச் சொல் இல்லை. ஆகவே 'ஹூ' அடைப்பு 'மதர்' என்ற சொல்லோடு மூடியது. 'வாஸ்' இத்தனை நேரம் காத்திருந்த 'டாக்டர்' உடையது. காற்புள்ளிக்குப் பிறகு 'ஹி எக்ஸ்ப்ளெயின்ட்', 'அண்ட்' கழித்து 'வீ ஃபெல்ட்'. இந்த இரண்டும் எந்த அடைப்புக்குள்ளும் இல்லை, வெளியே சுதந்திரமாக நிற்கின்றன. இரண்டு மெயின் க்ளாஸ், இரண்டு சபார்டினேட் க்ளாஸ். சபார்டினேட்டில் ஒன்று மற்றதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அதனால்தான் இது காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ்.

இங்கே 'ஹூ' எழுவாய் என்று சொன்னதைப் பலர் ஏற்கத் தயங்குவார்கள். ட்ரீட் பண்ணியது டாக்டர்தானே என்பார்கள். பொருளால் டாக்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த க்ளாஸுக்குள் டாக்டருக்குப் பதிலாள் 'ஹூ'. ஒரு எழுவாய்க்கு இரண்டு வினையை மாட்டிவிட்டு இன்னொரு வினையைப் பட்டினி போடுகிற தவறு, இந்தப் பதிலாளைப் பார்க்காமல் விடுவதால்தான் வருகிறது.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தமிழில் படித்தவர்கள் எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள்: "என் அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் களைப்பாக இருந்தாலும் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார், எங்களுக்கும் மனம் லேசானது." இதில் முற்று எவை? 'சொன்னார்', 'லேசானது'. இரண்டே இரண்டு. ஆங்கிலத்தில் மெயின் க்ளாஸாக இருந்தவையும் அதே இரண்டுதான். 'பார்த்த' பெயரெச்சம், 'இருந்தாலும்' வினையெச்சம். ஆங்கிலத்தில் சபார்டினேட்டாக இருந்தவை இவை. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தின் வினையியல் இவற்றைப் பெயரெஞ்சு கிளவி, வினையெஞ்சு கிளவி என்று சொல்கிறது. ஒன்று பெயரை எதிர்பார்த்து நிற்கிறது, மற்றது வினையை எதிர்பார்த்து நிற்கிறது. ஆங்கிலப் புத்தகம் அட்ஜெக்டிவ் க்ளாஸ், அட்வெர்ப் க்ளாஸ் என்று பிரிப்பதும் கிட்டத்தட்ட இதே வெட்டுத்தான். 'அவன் வருவான் என்று சொன்னாள்' என்பதில் 'என்று' தாங்கி நிற்கும் பகுதியும், 'அவர் சொன்னது எங்களுக்கு வியப்பாக இருந்தது' என்பதில் 'அவர் சொன்னது' என்ற பகுதியும் நவுன் க்ளாஸுக்கு நேராக வரும்.

வேறுபாடு ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய வேறுபாடு. தமிழ் சார்ந்திருக்கும் பகுதியை எச்சமாக்கிச் சுருக்கிவிடுகிறது. 'என்று' வரும் இடத்தில் மட்டும் உள்ளே முற்று தப்பிப் பிழைக்கிறது. ஆங்கிலமோ சார்ந்திருக்கும் க்ளாஸுக்கும் முழு முற்றைக் கொடுத்து, முன்னால் ஒரு இணைப்புச் சொல்லை வைத்து அடக்குகிறது. நம் காதுக்கு ஒரு வாக்கியத்தில் ஒரு முற்று, அதுவும் கடைசியில். ஆங்கிலத்தில் நடுவிலேயே முற்றுகள் வந்து விழும்போது, முதலில் வருவதே வாக்கியத்தின் முற்று என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. 'டாக்டர்... ட்ரீட்டட்' என்று நீங்கள் எழுதியது அப்படி வந்த முடிவு.

இந்த மொழிபெயர்ப்பு உத்திக்கு ஒரு ஓட்டையும் உண்டு. 'அண்ட்' சேர்த்த வினைகளையும் தமிழ் எச்சமாக்கிவிடும். "ஹி கேம் ஹோம் அண்ட் ஷி கேவ் ஹிம் காஃபி" என்பதை "அவன் வீட்டுக்கு வந்தான், அவள் காபி கொடுத்தாள்" என்றும் சொல்வோம், "அவன் வீட்டுக்கு வந்ததும் அவள் காபி கொடுத்தாள்" என்றும் சொல்வோம். இரண்டாவது மாதிரி சொன்னால் ஒரு மெயின் க்ளாஸ் காணாமல் போகும். எனவே மொழிபெயர்ப்பை விடையாக எழுதாதீர்கள். அடைப்பு போட்டு வந்த விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

எழுவாயைப் பிடிப்பதில் இன்னும் ஒரு தடுக்கல் இருக்கிறது. "த ப்ரைஸ் ஆஃப் த வெஜிடபிள்ஸ் ஹேஸ் கான் அப்." வினைக்குப் பக்கத்தில் இருப்பது 'வெஜிடபிள்ஸ்', ஆனால் எழுவாய் 'ப்ரைஸ்'. தமிழில் 'காய்கறிகளின் விலை ஏறிவிட்டது' என்று தலைச்சொல் கடைசியில், வினைக்கு ஒட்டியே வரும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வினைக்கு ஒட்டிய பெயரைப் பிடிக்கிறோம். 'ஆஃப்', 'இன்', 'வித்', 'ஃப்ரம்' போன்ற சொற்களுக்குப் பின்னால் நிற்கும் பெயர் எழுவாயாக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் இந்த விதி உங்களைக் கைவிடாது. 'தேர் ஆர் மெனி ரீசன்ஸ்' என்பதில் பள்ளிப் புத்தகம் 'ரீசன்ஸ்' எழுவாய் என்கிறது. "கால் மீ வென் யூ ரீச் ஹோம், அண்ட் ஐ வில் கம்" என்பதில் 'கால்' என்ற ஏவலுக்கு 'யூ' மறைந்து நிற்கிறது, நம் 'வா', 'போ' மாதிரி. மழை பெய்கிறது என்று சொல்ல ஆங்கிலத்துக்கு ஒரு 'இட்' வேண்டும். பொருள் இல்லாவிட்டாலும் எழுவாய் அதுதான்.

சில சொற்கள் இரண்டு வேடம் போடும். 'ஆஃப்டர்', 'பிஃபோர்', 'ஸின்ஸ்', 'அண்டில்' வந்தவுடன் சபார்டினேட் க்ளாஸ் என்று எழுதிவிடாதீர்கள். 'ஆஃப்டர் லஞ்ச்' என்றால் பின்னால் வினை இல்லை, அது க்ளாஸ் ஆகாது. 'ஆஃப்டர் வீ ஏட்' என்றால் எழுவாயும் முற்றும் இருக்கின்றன, அது க்ளாஸ். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் பார்க்க இணைப்புச் சொல் மாதிரி இருக்கும், ஆனால் அவை வாக்கியங்களை இணைக்காது. அதனால்தான் அவற்றுக்கு முன் செமிகோலனோ முற்றுப்புள்ளியோ வருகிறது. காம்பவுண்ட் பகுதியை உண்டாக்குபவை ஏழு என்று சொல்லித் தருவோம்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வது ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்கள். முதலாவது, "ராமன் வெண்ட் டு த ஷாப் அண்ட் பாட் ரைஸ்." ஒரே எழுவாய், இரண்டு வினை. பல ஆங்கில இலக்கணங்கள் இதைச் சிம்பிள் வாக்கியம் என்கின்றன, பயனிலை மட்டும் இரட்டை. வேறு சில புத்தகங்களும் ஆசிரியர்களும் இரண்டாவது 'ஹி' மறைந்திருக்கிறது, ஆகவே காம்பவுண்ட் என்பார்கள். நம் தமிழ்ப் பாடநூலில் ஓர் எழுவாய் பல பயனிலை கொண்டு முடிந்தால் தொடர் வாக்கியம் என்று படித்திருப்பீர்கள்; அதனால் நமக்கு இரண்டாவது விடை இயல்பாகத் தோன்றும். என் கருத்து, இரண்டாவது எழுவாய் கண்ணுக்குத் தெரிந்தால்தான் காம்பவுண்ட். ஆனால் தேர்வில் நீங்கள் பின்பற்ற வேண்டியது என் கருத்தை அல்ல. அந்தத் தேர்வின் பழைய வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் எடுத்து, அவர்கள் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, "ஷி ஸெட் தட் த பஸ் வாஸ் லேட் அண்ட் த ஷாப்ஸ் வேர் க்ளோஸ்ட்." இங்கே 'அண்ட்' எதை எதோடு சேர்க்கிறது? கடைகள் மூடியிருந்தன என்பதையும் அவள்தான் சொன்னாள் என்றால் இரண்டும் 'தட்' அடைப்புக்குள் இருக்கின்றன. மெயின் க்ளாஸ் ஒன்றுதான், வாக்கியம் வெறும் காம்ப்ளெக்ஸ். கடைகள் மூடியிருந்ததை எழுதியவரே தன் பங்குக்குச் சொல்கிறார் என்றால் காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ். முதல் பொருள்தான் இயல்பு, ஆனாலும் இரண்டாவதை இலக்கணம் தடுக்கவில்லை. 'அண்ட்' இருக்கிறது, 'தட்' இருக்கிறது, ஆகவே காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் என்று சொற்களைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாவது, க்ளாஸ் என்ற சொல்லின் எல்லையே. 'டு லேர்ன் டிரைவிங்' போன்றவற்றைப் பள்ளி இலக்கணம் ஃப்ரேஸ் (வினைமுற்று இல்லாத சொற்றொடர்) என்கிறது, நானும் மேலே அப்படித்தான் எண்ணினேன். மொழியியலார் பலர் அவற்றையும் முற்று இல்லாத க்ளாஸ் என்றே கணக்கிடுகிறார்கள். 2002-ல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கேம்பிரிட்ஜ் வழியாக வெளியிட்ட பெரிய இலக்கணம் அப்படித்தான் செய்கிறது. 'ஆஃப்டர்', 'பிஃபோர்' எந்த இடத்தில் வந்தாலும் ப்ரிபொஸிஷன்தான் ('ஆஃப்', 'இன்' போன்ற சொல்) என்றும் அது வாதிடுகிறது. மேல்படிப்பில் அதைப் படிக்க நேர்ந்தால் முன்னால் படித்தது பொய் என்று நினைக்க வேண்டாம். எண்ணும் அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

இந்த வழி திணறுகிற இடமும் உண்டு. 'ட்ரீட்டட்', 'பாட்' போன்ற சொற்களுக்கு இறந்தகால முற்றும் பார்ட்டிசிபிளும் (நம் எச்சம் மாதிரி, முற்று அல்லாத வடிவம்) ஒரே வடிவம். "த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்" என்ற வாக்கியத்தைத் தாமஸ் பீவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-ல் எடுத்துக்காட்டினார். தானியக் கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்று பொருள். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் 'ரேஸ்ட்' என்பதை முற்று என்று எடுத்துக்கொண்டு, 'ஃபெல்' வந்ததும் திகைத்து, திரும்ப முதலிலிருந்து படிக்கிறார்கள். ஆகவே நீங்கள் ஒரு வாக்கியத்தை இரண்டு முறை படிக்க நேர்ந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்புறம், உங்கள் இரண்டாவது வாக்கியம். "த ஹவுஸ் மை அங்கிள் பாட் இஸ் ஸ்மால், பட் ஹி திங்க்ஸ் இட் இஸ் எனஃப்." முற்றுகள் பாட், இஸ், திங்க்ஸ், மறுபடியும் இஸ். நான்கு. முடிச்சு மூன்று இருக்க வேண்டும், கண்ணில் படுவது 'பட்' ஒன்றுதான். இரண்டு மறைந்திருக்கின்றன. எங்கே? 'த ஹவுஸ் மை அங்கிள்' என்று இரண்டு பெயர்கள் நடுவில் எதுவும் இல்லாமல் ஒட்டி நிற்கின்றன பாருங்கள், அங்கே ஒரு 'தட்' விழுந்திருக்கிறது. 'திங்க்ஸ் இட்' என்று வினைக்குப் பின்னால் உடனே புது எழுவாயும் வினையும் வருகின்றன, அங்கே இன்னொரு 'தட்'. இரண்டையும் திரும்ப வைத்து அடைப்பு போடுங்கள். 'மை அங்கிள் பாட்' ஒரு அடைப்பு, 'இட் இஸ் எனஃப்' ஒரு அடைப்பு. வெளியே நிற்பவை 'த ஹவுஸ் இஸ் ஸ்மால்', 'ஹி திங்க்ஸ்'. தமிழில் சரிபார்த்தால்: "என் மாமா வாங்கிய வீடு சிறியது, ஆனால் அது போதும் என்று அவர் நினைக்கிறார்." 'வாங்கிய' பெயரெச்சம், 'போதும்' என்பதை 'என்று' பிடித்துக்கொண்டது, 'சிறியது', 'நினைக்கிறார்' இரண்டும் முற்று. நீங்கள் தேடிய சபார்டினேட் க்ளாஸ் ஒன்றல்ல, இரண்டு.